ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலம்: வருடத் திட்டமும் தேர்வும் எப்படிப் போடுகிறீர்கள்?

கேள்வி கேட்டவர்: காங்கேயம் டீச்சர்

எல்லாருக்கும் வணக்கம். காங்கேயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவில் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியையாக இருக்கிறேன். இதுவரை ஆறு, ஏழுதான் எடுத்திருக்கிறேன், இந்த வருடம் ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலம் முழுக்க என் பொறுப்பு. 38 பிள்ளைகள். தலைமையாசிரியர் வருடத் திட்டம் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார். போன வருடத்து நோட்டை வாங்கிப் பார்த்தேன். ஜூனில் முதல் யூனிட், ஜூலையில் இரண்டாவது யூனிட் என்று வரிசையாக எழுதி, பக்கத்தில் டிக் அடித்திருக்கிறது. தேதியை மட்டும் மாற்றி அதையே எழுதிக் கொடுத்தாலும் யாரும் ஒன்றும் கேட்கப் போவதில்லை, ஆனால் எனக்கு மனசு ஒப்பவில்லை.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். பள்ளி திறந்த வாரமே புத்தகத்தைத் தொடாமல் நானே ஒரு சின்னப் பத்தி எழுதிக் கொடுத்தேன். காங்கேயத்திலிருந்து ஈரோடு போகிற பஸ் வழியில் பஞ்சர், அரைமணி நேரம் தாமதம், அதனால் ஒரு பெண் இன்டர்வியூவைத் தவறவிட்டு பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து அழுகிறாள், அவ்வளவுதான் விஷயம். அவள் ஏன் அழுதாள் என்று ஒரு கேள்வி. பாதிக்கும் மேலானவர்கள் 'அழுதாள்' என்ற சொல் எந்த வரியில் இருக்கிறதோ அந்த வரியை அப்படியே பார்த்து எழுதி வைத்திருக்கிறார்கள். காரணமோ அதற்கு இரண்டு வரி முன்னால் இருக்கிறது. கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது, ஸ்பெல்லிங்கில் ஒரு தப்பு இல்லை, படித்தது மட்டும் உள்ளே போகவில்லை. ஏழெட்டுப் பேர் நன்றாகவே எழுதியிருந்தார்கள். இன்னொரு ஏழெட்டுப் பேர் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறார்கள். இரண்டு பேர் கொப்பரைக் களத்தில் வேலை செய்கிற பீகார் குடும்பத்துப் பிள்ளைகள், நான் தமிழில் விளக்கினால் அவர்களுக்குப் பாதி விளங்குவதில்லை.

இவ்வளவு பேருக்கும் சேர்த்து ஒரு திட்டம் எப்படிப் போடுவது? பேசுவது, கேட்டுப் புரிந்துகொள்வது, இதற்கெல்லாம் தேர்வில் மதிப்பெண்ணே இல்லாதபோது நேரம் ஒதுக்கலாமா, ஒதுக்கினால் எப்படி அளப்பது? அலகுத் தேர்வுக்குக் கேள்வித்தாளை நானே எடுக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள், அதை எப்படி எடுத்தால் எனக்கும் பிள்ளைக்கும் உபயோகமாக இருக்கும்? அனுபவம் உள்ளவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

பதில்: கோபி வாத்தியார்

அம்மிணி, முதல் வாரத்திலேயே பத்தி எழுதிக் கொடுத்துப் பார்த்தீர்களே, பாதித் திட்டம் அங்கேயே கிடைத்துவிட்டது. நான் கோபிச்செட்டிபாளையம் பக்கம் ஆங்கில ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

திட்டத்தை ஜூனிலிருந்து எழுத ஆரம்பிக்காதீர்கள். ஏப்ரலில் நின்றுகொண்டு பின்னால் நடந்து வாருங்கள். வருடக் கடைசியில் இந்தப் பிள்ளைகளுக்கு என்னவெல்லாம் செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்று ஐந்தாறு வரி எழுதுங்கள். 'அறிவார்கள்', 'உணர்வார்கள்' என்றெல்லாம் எழுதினால் அதை யாரும் சோதித்துப் பார்க்க முடியாது. முன்பின் பார்க்காத அரைப் பக்கத்தை வாசித்து விஷயம் என்ன என்று இரண்டு வாக்கியத்தில் சொல்வது, நேற்று நடந்த ஒன்றை இறந்தகாலம் தடுமாறாமல் பத்து வரி எழுதுவது, ஒருவருக்கு வழி சொல்வது, ஒரு குறையைச் சொல்லிக் கடிதம் எழுதுவது, புரியாததை ஆங்கிலத்திலேயே திருப்பிக் கேட்பது. இப்படி இருந்தால் செய்கிறானா இல்லையா என்று கண்ணால் பார்க்கலாம். அப்புறம்தான் புத்தகத்தை எடுக்க வேண்டும், எந்தப் பாடம் இதில் எதற்கு உதவும் என்று.

பத்தாம் வகுப்பு கேள்வித்தாளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அடுத்த வருடம் அங்கேதான் போகப் போகிறார்கள். முன்பு முதல் தாள், இரண்டாம் தாள் என்று இருந்தது, 2019-20இலிருந்து 100 மதிப்பெண்ணுக்கு ஒரே தாள். ஒரு மதிப்பெண் கேள்வி 14, இரண்டு மதிப்பெண் 10, ஐந்து மதிப்பெண் 10, எட்டு மதிப்பெண் 2. இதில் எதையெல்லாம் நெட்டுரு போட்டு வாங்கிவிடலாம், எதற்கு மொழி தெரிந்தே ஆக வேண்டும் என்று ஒரு கோடு போட்டுப் பாருங்கள். உரைநடைப் பதிலும் மனப்பாடப் பாடலும் ஒரு பக்கம் போகும். அறிவிப்பு, விளம்பரம், கடிதம், படத்தைப் பார்த்து எழுதுவது, குறிப்பெடுப்பது, பிழை திருத்துவது, தெரியாத பத்திக்குப் பதில், வரைபடம் பார்த்து வழி சொல்வது, இதெல்லாம் இன்னொரு பக்கம். அந்த இன்னொரு பக்கம் சின்னது கிடையாது. ஆனால் நாம் அதையும் நெட்டுருவாக்கி வைத்திருக்கிறோம் என்பதுதான் எனக்கு இன்றைக்கும் வருத்தம். படக் கேள்விக்கு 'இது அழகான படம், இது எனக்கு மிகவும் பிடிக்கும், இதில் பல நிறங்கள் உள்ளன' என்று எந்தப் படத்துக்கும் பொருந்துகிற ஐந்து வாக்கியத்தை மனப்பாடம் பண்ண வைத்தால், அந்தப் பிள்ளை படத்தைப் பார்க்கவே தேவையில்லை.

நாளைக் கணக்குப் பார்க்கும்போது தாராளமாகக் கழியுங்கள். காகிதத்தில் நாற்பது வாரம் போலத் தெரியும். காலாண்டு, அரையாண்டு, அதற்கு முன்னால் திருப்புதல், விடுமுறை, கலைத் திருவிழா, விளையாட்டுப் போட்டி, உங்களுக்கு வருகிற பயிற்சி வகுப்பு, அப்புறம் ஆடி 18, ஊர் நோம்பி, ஜனவரியில் எங்கள் பக்கம் பாரியூர் கோயில் திருவிழா, பங்குனியில் பண்ணாரி கோயில் குண்டம் திருவிழா என்று வகுப்பில் பாதிப் பேர் இல்லாத நாட்கள், எல்லாம் போனால் பாடம் நடத்த 25 வாரம் மிஞ்சினால் பெரிது. அதனால் எல்லாப் பாடத்துக்கும் ஒரே அளவு நேரம் கொடுக்க முடியாது, கொடுக்கவும் வேண்டாம். ஒவ்வொரு யூனிட்டிலும் உரைநடை, செய்யுள், துணைப்பாடம் மூன்றும் இருக்கும். ஒரு யூனிட்டில் உரைநடையை நின்று நிதானமாக நடத்துங்கள், இன்னொன்றில் துணைப்பாடத்தைப் பிள்ளைகளே வாசித்துவிட்டு வரட்டும். இலக்கணத்தைத் தனியாக ஒரு மாதம் நடத்தி முடிப்பதைவிட, அது எந்த எழுத்து வேலைக்கு வேண்டுமோ அந்த வாரத்தில் வைப்பது நல்லது. நடந்ததை எழுதச் சொல்கிற வாரத்தில் இறந்தகாலம், வழி சொல்கிற வாரத்தில் இடத்தைக் குறிக்கிற சொற்கள்.

தேர்வு விஷயத்தில் ஒன்றே ஒன்று. காலாண்டுத் தாள் வெளியிலிருந்து வருகிறது, அதில் நமக்குக் கை இல்லை. அலகுத் தேர்வு நம் கையில் இருக்கிறது. அதை 50க்கு எடுத்தால் 20 மதிப்பெண்ணைப் புத்தகத்திலிருந்து கேளுங்கள், 30ஐப் புதிதாகக் கொடுங்கள். நடத்திய பாடம் ஒரு பயணம் பற்றியது என்றால், பிள்ளைகள் பார்க்காத இன்னொரு பயணப் பத்தி. தாளை யூனிட் ஆரம்பிக்கும் முன்னாலேயே எழுதிவிடுங்கள். எதற்காக நடத்துகிறோம் என்று உங்களுக்கே தெளிவாக இருக்கும், கடைசி நேரத்தில் கையில் கிடைத்த கைடிலிருந்து கேள்வி எடுக்கிற நிலைமை வராது. தேர்வில் எது வருமோ அதைத்தான் பிள்ளைகள் படிப்பார்கள், அதை மாற்ற யாராலும் முடியாது. அதனால் வர வேண்டியதை நாம்தான் வைக்க வேண்டும்.

பதில்: ராசிபுரம் ஆசிரியர்

ஐயா சொல்வதில் பெரும்பகுதி சரிதான். ஆனால் எல்லா வகுப்பிலும் அப்படியே செய்ய முடியாது, அதையும் யாராவது சொல்ல வேண்டும்.

நான் நாமக்கல் மாவட்டத்தில் தனியார் பள்ளியில் ஒன்பதும் பத்தும் எடுக்கிறேன். எங்கள் பக்கம் பெற்றோர் மாதாமாதம் மதிப்பெண்ணைத்தான் கேட்கிறார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. லாரி பாடி கட்டுகிற பட்டறையிலும், ஆழ்துளைக் கிணறு போடுகிற போர் வண்டியிலும் மாசக்கணக்கில் வெளியூரில் கிடந்து சம்பாதித்து ஃபீஸ் கட்டுகிறவர்கள். பையன் ஆங்கிலத்தில் 35 வாங்காமல் பத்தாம் வகுப்பில் நின்றுவிட்டால் அதோடு பள்ளிக்கூடம் முடிந்தது, அவனும் வண்டி ஏறிவிடுவான். எழுத்துக் கூட்டி வாசிக்கிற பிள்ளைக்கு 50க்கு 30 மதிப்பெண் புதிய பத்தி என்றால் அவன் தாளை வாங்கியதுமே பேனாவை மூடி வைத்துவிடுவான். முதல் தேர்வில் 6, அடுத்த தேர்வில் 7 என்று வாங்குகிற பிள்ளைக்கு ஆங்கிலத்தின் மேல் என்ன ஆசை வரும்?

அதனால் நான் மெல்லக் கற்கிற பிள்ளைகளுக்கு முதலில் உறுதியாகக் கிடைக்கிற மதிப்பெண்ணைக் கையில் கொடுத்துவிடுவேன். மனப்பாடப் பாடல் 5, கடிதத்தின் அமைப்பு, ஒரு மதிப்பெண் சொற்பொருள், எதிர்ச்சொல். அது கைக்கு வந்ததும் அவனுக்கே ஒரு தைரியம் வருகிறது. நெட்டுரு என்று எல்லாரும் கேவலமாகப் பேசுகிறார்கள், நல்ல நாலு வாக்கியம் மனப்பாடமாக உள்ளே கிடந்தால் அதை வைத்துத்தான் பிள்ளை ஐந்தாவது வாக்கியத்தை எழுதுகிறான் என்பதையும் நான் தினமும் பார்க்கிறேன். டீச்சர், உங்கள் வகுப்பில் அந்த ஏழெட்டுப் பேருக்குத் தனி யோசனை வேண்டும், ஒரே தாள் எல்லாருக்கும் சரிவராது.

பதில்: பல்லடம் அக்கா

ராசிபுரம் சார் கவலை எனக்குப் புரிகிறது, அதற்கு ஒரு வழி இருக்கிறது. பத்தி ஒன்றுதான், கேள்வியில் படி வைக்க வேண்டும். முதல் இரண்டு கேள்விக்கு விடை பத்தியில் கண்ணுக்கு நேரே இருக்கும், எழுத்துக் கூட்டி வாசிக்கிற பிள்ளையும் எடுத்துவிடும். அடுத்த இரண்டுக்கு இரண்டு வரியைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். கடைசி ஒன்று, 'நீ அவள் இடத்தில் இருந்தால் என்ன செய்வாய்' மாதிரி. வகுப்பில் முதல் பிள்ளைக்கும் கடைசிப் பிள்ளைக்கும் அந்தத் தாளில் இடம் இருக்கும், எந்தப் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்று நமக்கும் தெரிந்துவிடும். காங்கேயம் டீச்சர் சொன்னாரே, சொல்லைத் தேடி அந்த வரியைப் பார்த்து எழுதுகிறார்கள் என்று, அந்தப் பிள்ளைகள் முதல் படியில் நிற்கிறார்கள். அது ஒன்றும் தெரியாத நிலைமை கிடையாது. அடுத்த மாதம் அவர்களுக்கு நடத்த வேண்டியது 'ஏன்' என்ற கேள்விக்கு விடையை முன்னும் பின்னும் தேடுவது எப்படி என்பது.

பேசுவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஆறிலிருந்து எட்டு வரை வளரறி மதிப்பீடு, அதாவது பாடம் நடக்கும்போதே வகுப்பில் போடுகிற மதிப்பெண், 40 இருக்கிறது, அதில் பேச்சுக்கு இடம் கொடுக்கலாம். ஒன்பதுக்கு வந்ததும் அது கைவிட்டுப் போகிறது. மதிப்பெண் இல்லாவிட்டாலும் பதிவு வைக்கலாம், அதற்கு யாரும் தடை சொல்லவில்லை. நான் செய்வது இதுதான்: மற்றவர்கள் எழுதிக்கொண்டிருக்கும்போது ஒரு நாளைக்கு நாலைந்து பேரை மேஜைப் பக்கம் கூப்பிடுவேன். பல்லடத்திலிருந்து பொள்ளாச்சி, உடுமலை, தாராபுரம், கோவை போகிற பஸ் நேரத்தை நானே எழுதி இரண்டு அட்டையாக வைத்திருக்கிறேன். ஒருவர் கையில் நேரம் இருக்கும், ஊர் இருக்காது, மற்றவர் கையில் ஊர் இருக்கும், நேரம் இருக்காது. கேட்டால்தான் அட்டை நிறையும். நோட்டில் பெயருக்கு நேரே மூன்று விஷயம் மட்டும் குறிப்பேன்: கேட்டது புரிந்ததா, தன் சொல்லில் சொன்னாளா, புரியாதபோது திரும்பக் கேட்டாளா. உச்சரிப்பைக் குறிப்பதே இல்லை. 'பஸ் கோ நைன் தர்ட்டி' என்று சொன்னாலும் எதிரில் இருக்கிற பிள்ளை சரியான நேரத்தை எழுதிவிட்டால் வேலை முடிந்தது. இரண்டு வாரத்தில் வகுப்பு முழுக்க ஒரு சுற்று வந்துவிடும்.

இது நான் கண்டுபிடித்தது இல்லை. 1979இலிருந்து 1984 வரை என்.எஸ். பிரபு என்பவர் பெங்களூரிலும் சென்னையிலும் சாதாரணப் பள்ளிகளில் இதைத்தான் நடத்திப் பார்த்தார். இலக்கணத்தை வரிசையாக நடத்தாமல், ரயில் கால அட்டவணை, வரைபடம் மாதிரியானவற்றை வைத்து ஒரு கணக்குப் போடுவது போல யோசிக்க வைத்து, அந்த வேலைக்காகவே ஆங்கிலத்தைப் பயன்படுத்த வைத்தார். உலகம் முழுக்க இன்றைக்கு வேலை வழி மொழி கற்பித்தல் (task-based language teaching) என்று பேசுகிறார்களே, அதற்கு ஆரம்பப் புள்ளிகளில் ஒன்று நம் தெற்கத்திப் பள்ளிக்கூடங்கள். பிஎட் படிக்கும்போது பெயரைப் படித்துவிட்டு மறந்துவிடுகிறோம்.

இன்னொன்று, திருத்துவது. கடிதத்துக்கு 5 மதிப்பெண் என்றால் அந்த ஐந்தும் எதற்கு என்று முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். போன வருடம் தெருவிளக்கு எரியவில்லை என்று மின்வாரியத்துக்குக் கடிதம் கேட்டிருந்தேன். ஒரு பையன் அனுப்புநர், பெறுநர், தேதி, பொருள் எல்லாம் போட்டு, ஒரு பிழை இல்லாமல் குடிதண்ணீர் வரவில்லை என்று எழுதியிருந்தான். பெறுநர் மின்வாரியம்தான், விஷயம் மட்டும் தண்ணீர். மனப்பாடம் செய்தது அது. எங்கள் பள்ளியில் இன்னொரு டீச்சரிடம் அதே தாளைக் காட்டினேன், அவர் 4 போட்டார், நான் 1 போட்டேன். ஒரே தாளுக்கு இரண்டு பேரிடம் இவ்வளவு வித்தியாசம் வந்தால் அந்த மதிப்பெண்ணுக்கு என்ன அர்த்தம்? உட்கார்ந்து பேசி முடிவு செய்தோம்: கேட்ட விஷயம் வந்திருக்கிறதா என்பதற்கு 2, படிக்கிறவர் என்ன செய்ய வேண்டும் என்று தெளிவாக இருக்கிறதா என்பதற்கு 1, அமைப்புக்கு 1, மொழிக்கு 1. இதைப் பிள்ளைகளுக்கும் முன்னாலேயே சொல்லிவிட்டோம்.

பதில்: காங்கேயம் டீச்சர்

அக்கா, ஐயா, சார், எல்லாருக்கும் நன்றி. படிப்படியாகக் கேள்வி வைப்பது எனக்கு உடனே பிடித்துவிட்டது. ராசிபுரம் சார் சொன்ன தைரியம் விஷயமும் மனசில் ஓடிக்கொண்டே இருக்கிறது, அந்த ஏழெட்டுப் பேரில் ஒரு பெண் தாளைத் தரும்போதே கையைக் கட்டிக்கொள்கிறாள்.

இன்னும் இரண்டு சந்தேகம். 38 பேர் எழுதியதை முழுக்கச் சிவப்பு மையில் திருத்தினால் ஒரு வாரம் ஓடிவிடுகிறது, நோட்டைத் திரும்பக் கொடுத்தால் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு மூடி வைத்துவிடுகிறார்கள். இதற்கு என்ன செய்வது? அந்த பீகார் பிள்ளைகளுக்கு என்ன செய்யலாம்?

பதில்: திருப்பூர் மெர்ச்சன்டைசர்

நான் ஆசிரியர் இல்லை, என் பெண் ஒன்பதாவது படிக்கிறாள் என்பதால் படித்துக்கொண்டிருந்தேன். வேலைக்கு எடுக்கிற பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்லலாமா?

எக்ஸ்போர்ட் ஆபீசில் பையர், அதாவது துணி வாங்குகிற வெளிநாட்டுக்காரர், அனுப்புகிற மெயில் தினமும் வரும். அளவு மாறியிருக்கிறது, லேபிள் தப்பு, ஷிப்மென்ட் தேதி தள்ளிப் போகிறதா என்று. அதில் ஒன்றுகூட நாம் முன்னால் படித்த பத்தி கிடையாது. ஆங்கிலத்தில் 90க்கு மேல் வாங்கிய பிள்ளைகள் வருகிறார்கள், பையர் எழுதிய நாலு வரியில் என்ன கேட்கிறார் என்று எடுக்கத் தெரியாமல் சீனியரிடம் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். எழுதச் சொன்னால் 'நீங்கள் நலமா, நான் நலம்' என்று ஆரம்பிக்கிறார்கள். அதே சமயம் 60 வாங்கிய ஒரு பெண், புரியாததைத் தயங்காமல் திருப்பிக் கேட்டு மெயில் போடுவாள், சின்னச் சின்னத் தப்போடு. இன்றைக்கு மூன்று பையரை அவள்தான் பார்க்கிறாள். கோபி ஐயா எழுதினாரே, புரியாததை ஆங்கிலத்திலேயே திருப்பிக் கேட்பது என்று, அந்த ஒரு வரிக்காகத்தான் இங்கே எழுத வந்தேன்.

படிக்கக் கொடுக்க விஷயம் வேண்டுமென்றால் நம் ஊரில் குறையே இல்லை. பனியன் உள்ளே தைத்திருக்கிற வாஷ் கேர் லேபிள், அட்டைப் பெட்டி மேல் ஒட்டியிருப்பது, பேக்கிங் லிஸ்ட். பிள்ளைகள் வீட்டிலேயே கிடக்கும். எதை வெந்நீரில் துவைக்கலாம், எதை இஸ்திரி போடக் கூடாது என்று லேபிளைப் பார்த்துச் சொல்லட்டும்.

பதில்: கோபி வாத்தியார்

திருப்பூர் தம்பி, நல்ல விஷயம் சொன்னீர்கள். லேபிளில் கட்டளை வாக்கியம் முழுக்க இருக்கிறது, இலக்கணத்துக்கும் ஆகும்.

ராசிபுரம் சாருக்கு ஒன்று. நீங்கள் சொல்கிற உறுதியான மதிப்பெண்ணை நான் மறுக்கவில்லை. பத்தாம் வகுப்பில் ஜனவரிக்கு மேல் நானும் அதைத்தான் செய்திருக்கிறேன், அந்த நேரத்தில் வேறு எதுவும் செய்யவும் கூடாது. ஆனால் ஒன்பதாம் வகுப்பில் பொதுத்தேர்வு இல்லை. பிள்ளைக்கு வாசிக்கக் கற்றுக்கொடுக்க நமக்குக் கிடைக்கிற கடைசி வருடம் அது. அதையும் பத்தாம் வகுப்புப் பாடத்தை முன்கூட்டியே நடத்துவதற்கு எடுத்துக்கொண்டால், எழுத்துக் கூட்டி வாசிக்கிற பிள்ளை அப்படியே பதினொன்றாம் வகுப்புக்குப் போய் உட்காரும். இதில் நான் பிடிவாதமாகவே இருக்கிறேன், மன்னிக்க வேண்டும்.

திருத்துவதைப் பற்றி அம்மிணி கேட்டதற்கு: எல்லாப் பிழையையும் திருத்தாதீர்கள். இந்த வாரம் இறந்தகாலம் என்றால் அதை மட்டும் பாருங்கள், தப்பான இடத்தில் ஒரு கோடு போடுங்கள், சரியானதை நீங்கள் எழுதாதீர்கள், அவன் எழுதட்டும். நோட்டின் கடைசியில் ஒரு வரி, அடுத்த முறை என்ன செய்ய வேண்டும் என்று. மதிப்பெண்ணை உங்கள் பதிவேட்டில் வைத்துக்கொண்டு, நோட்டில் இரண்டு நாள் கழித்துப் போடுங்கள். 1988இல் ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் இஸ்ரேலில் பள்ளிப் பிள்ளைகளிடம் இதைச் சோதித்துப் பார்த்தார். சிலருக்கு மதிப்பெண் மட்டும், சிலருக்குக் குறிப்பு மட்டும், சிலருக்கு இரண்டும். முன்னேறியது குறிப்பு மட்டும் வாங்கியவர்கள். மதிப்பெண்ணும் குறிப்பும் சேர்ந்து வந்தால் பிள்ளை குறிப்பைப் படிப்பதே இல்லை, நீங்கள் உங்கள் வகுப்பில் பார்ப்பதும் அதுதான்.

தேர்வு முடிந்ததும் ஒரு தாளில் 38 பெயருக்கு நேரே கேள்வி எண்ணைப் போட்டு யார் எதில் விட்டார்கள் என்று குறியுங்கள், அரைமணி நேர வேலை. எல்லாரும் விட்ட கேள்வி என்றால் முதலில் கேள்வியைச் சந்தேகப்படுங்கள், வார்த்தை குழப்பமாக இருந்திருக்கும், இல்லை நீங்கள் அதை நடத்தியிருக்க மாட்டீர்கள். பத்துப் பன்னிரண்டு பேர் விட்டது எதுவோ அதற்கு அடுத்த வாரத்தில் ஒரு பீரியட் ஒதுக்குங்கள். வருடத் திட்டத்திலேயே ஒவ்வொரு தேர்வுக்குப் பிறகும் இரண்டு பீரியட்டைக் காலியாக விட்டு, 'மறுபடி நடத்த' என்று எழுதிவிடுங்கள். அந்த இரண்டு பீரியட் இல்லாவிட்டால் தேர்வு வைத்ததற்குப் பிரயோசனமே இல்லை.

பதில்: பல்லடம் அக்கா

இந்தி பேசுகிற பிள்ளைகளைப் பற்றி: எங்கள் வகுப்பில் அப்படி நிறையப் பேர் இருக்கிறார்கள். தமிழில் விளக்குகிற நேரத்தைக் குறைத்து, படத்தையும் செய்கையையும் எளிய ஆங்கிலத்தையும் கூட்டினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும், அது மற்றவர்களுக்கும் நல்லதுதான். பஸ் அட்டை மாதிரி வேலையில் அவர்களைத் தமிழ்ப் பிள்ளையோடு ஜோடி சேருங்கள். இரண்டு பேருக்கும் பொதுவாக இருக்கிற மொழி ஆங்கிலம் ஒன்றுதான், வேறு வழியில்லாமல் பேசியே ஆக வேண்டும். என் வகுப்பில் நிஜமாக ஆங்கிலம் பேசப்படுவது அந்த ஜோடிகளில்தான். தேர்வில் பத்தியில் வருகிற ஊர் விஷயம் அவர்களுக்குத் தெரியுமா என்று மட்டும் பாருங்கள். ஆடிப்பெருக்கைப் பற்றிப் பத்தி கொடுத்தால், மற்றவர்கள் வாசிக்காமலே பதில் எழுதிவிடுவார்கள், அவர்கள் வாசித்தும் தடுமாறுவார்கள். இரண்டுமே வாசிப்பைக் காட்டாது.

பதில்: காங்கேயம் டீச்சர்

தலைமையாசிரியரிடம் கொடுக்க இப்படி எழுதியிருக்கிறேன், தப்பு இருந்தால் சொல்லுங்கள். முதல் பக்கத்தில் வருடக் கடைசியில் செய்யத் தெரிய வேண்டியது ஐந்து, கோபி ஐயா எழுதியதைக் கொஞ்சம் மாற்றி. காலாண்டு வரை வாசிப்புக்குத்தான் அதிக நேரம், தினமும் முதல் பத்து நிமிடம் புதிதாக ஒரு சின்னப் பத்தி, லேபிள், அறிவிப்பு, பஸ் நேரம் என்று. எழுத்துக் கூட்டி வாசிக்கிறவர்களுக்கு அந்தப் பத்து நிமிடத்தில் தனிப் பத்தி, கூடவே ராசிபுரம் சார் சொன்னபடி வாரம் நாலு வாக்கியம் மனப்பாடம், ஆனால் அந்த நாலையும் வைத்துத் தன்னைப் பற்றி ஐந்தாவதை எழுத வேண்டும். காலாண்டுக்கும் அரையாண்டுக்கும் நடுவில் எழுதுவதற்கு அதிகம், அரையாண்டுக்குப் பிறகு பத்தாம் வகுப்புத் தாளின் அமைப்பைப் பழக்குவது. பேச்சுச் சுற்று இரண்டு வாரத்துக்கு ஒன்று, பதிவு மட்டும். அலகுத் தேர்வு 50க்கு, முதல் தேர்வில் மட்டும் புதிய பகுதி 15, போகப் போக 30 வரை கூட்டுகிறேன். ஒவ்வொரு தேர்வுக்குப் பிறகும் இரண்டு பீரியட் காலி.

முதல் அலகுத் தேர்வுத் தாளை இந்த வாரம் எழுதி முடித்துவிடுவேன், இங்கே போடுகிறேன்.

பதில்: ராசிபுரம் ஆசிரியர்

15இல் ஆரம்பித்து 30க்குக் கூட்டுவது என்றால் எனக்கும் சம்மதம். தாளைப் போடுங்கள் டீச்சர், என் ஒன்பதாம் வகுப்பில் ஒரு செக்ஷனுக்கு அதையே வைத்துப் பார்க்கிறேன். பெயரை மறைத்து உங்கள் பிள்ளைகளின் விடைத்தாளில் பத்தை எனக்கு அனுப்புங்கள், என்னுடையதில் பத்தை உங்களுக்கு அனுப்புகிறேன், பல்லடம் அக்கா சொன்ன அளவை வைத்து இருவரும் தனித்தனியாகத் திருத்தி ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம். வெள்ளிக்கிழமைக்குள் வந்தால் நல்லது, எங்கள் ஆபீசில் ஜெராக்ஸுக்கு முன்னாலேயே சொல்லிவைக்க வேண்டும்.